பௌர்ணமிக்கு முந்தைய நாள்

ஃபிலிம் கேமராவில் முழுநிலவை எடுத்துப் பார்த்தவர்களின் முதல் அனுபவம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மொட்டைமாடியில் ஏறி நின்று, தென்னந்தோப்புக்கு மேல் தாம்பாளம்போல் எழும் நிலாவை ஐந்தாறு படம் எடுப்போம். ஒரு வாரம் கழித்து லேபிலிருந்து பிரிண்ட் வரும். கறுப்புத் தாளில் கடுகளவு வெள்ளைப் பொட்டு. கேமரா பழசு, லென்ஸ் மட்டம், கை ஆடிவிட்டது என்று பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் எதுவும் உண்மைக் காரணமாக இருப்பது அபூர்வம். நிலாவின் அளவு, அதன் வெளிச்சம், அது உதிக்கும் நேரம் ஆகிய மூன்றிலும் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. ஃபிலிம் அப்படி ஏமாறுவதில்லை.

கடுகு என்றது கணக்குப் போட்டுச் சொன்னதுதான். வானத்தில் நிலா அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்தால் விரலின் பாதி அகலத்திலேயே நிலா மறைந்துவிடும். லென்ஸின் குவியநீளத்தை 110-ஆல் வகுத்தால் ஃபிலிமில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும். எல்லோரிடமும் இருக்கும் 50 மி.மீ. லென்ஸில் அது 0.45 மி.மீ. 24-க்கு 36 மி.மீ. கட்டத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு இடம்கூட அதற்குக் கிடையாது. நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் பிரிண்ட் போடும்போது படம் நான்கு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகிறது. நிலா இரண்டு மி.மீ. ஆகிறது. 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அதே தாளில் பட்டாணி அளவு வரும். 500 மி.மீ. லென்ஸில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டம் கிடைக்கும். கட்டம் நிறைய நிலா வேண்டுமானால் 2000 மி.மீ. தேவை. அதற்குத் தொலைநோக்கியின் பின்னால் கேமராவை மாட்டுவதுதான் வழி.

அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது மூளையின் வேலை. தென்னை, வீடு, கோபுரம் எல்லாவற்றையும் தாண்டித் தெரியும் வட்டத்தைத் தொலைவில் இருக்கும் பெரிய பொருளாக மனம் எடுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. விளக்கம் எதுவானாலும் ஃபிலிமில் அந்தப் பெருக்கம் விழாது. உண்மையில் உதிக்கும் நிலா, உச்சியில் இருக்கும் நிலாவைவிடச் சிறிதே சிறியது. உச்சிக்கு வரும்போதுதான் பூமியின் ஆரத்தளவு நமக்கு நெருங்குகிறது. பத்திரிகைகள் ஆரவாரம் செய்யும் 'சூப்பர் மூன்' சங்கதியும் இப்படித்தான். நிலா மிக அருகில் வரும்போதும் மிகத் தொலைவில் இருக்கும்போதும் அதன் விட்டத்தில் உள்ள வித்தியாசம் 14 சதவீதம். 500 மி.மீ. லென்ஸில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதற்காக விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அளவில் ஏமாந்தாலாவது சிறிய நிலா கிடைக்கும். வெளிச்சத்தில் ஏமாந்தால் நிலாவே கிடைக்காது.

நாம் நிற்பது இரவில். நிலாவில் அப்போது பகல். பௌர்ணமியன்று நம்மை நோக்கிய முகத்தின் நடுப்பகுதியில் உச்சி வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே கிடக்கும் பாறையும் தூளும் சூரியனிடமிருந்து பெறும் ஒளி, நம் ஊர்த் தெருவில் மத்தியானம் விழும் ஒளிக்குக் குறைந்ததல்ல. பளிச்சென்ற வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டரை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு இணையாக வை என்பது பழைய ஃபிலிம் டப்பாக்களின் காகிதத்திலேயே இருக்கும் பாடம். நிலாவுக்கு அதைவிட ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூடுதலாகத் திறந்து எஃப்/11 வைத்தால் போதும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், எஃப்/11, 1/125 விநாடி. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500. அந்த ஒரு ஸ்டாப் எதற்கென்றால், நிலாவின் தரை உண்மையில் இருண்டது. தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம் என்று சொல்லலாம். அதைப் பால்நிலா என்று பாடி வைத்திருக்கிறோம், சுற்றிலும் இருக்கும் கறுப்பின் தயவால்.

கேமராவின் மீட்டருக்கு இது தெரியாது. 500 மி.மீ. லென்ஸிலும் நிலா கட்டத்தின் இரண்டு சதவீதத்துக்குள்தான் அடங்குகிறது. மீதி முழுவதும் கறுப்பு. மீட்டர் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று ஷட்டரைத் திறந்து வைக்கச் சொல்லும். சொன்னபடி கேட்டால் நூறு மடங்கு ஒளி ஃபிலிமில் கொட்டி, மேடும் பள்ளமும் அழிந்த வெள்ளை ஓட்டை மிஞ்சும். ஸ்பாட் மீட்டர் வைத்திருப்பவர்களும் தப்புவதில்லை. கையில் பிடிக்கும் ஸ்பாட் மீட்டர் அளக்கும் வட்டம் ஒரு டிகிரி. நிலாவோ அரை டிகிரி. அந்த வட்டத்தின் பரப்பில் நாலில் ஒரு பங்கே நிலா, மற்ற முக்காலும் இருட்டு. இரண்டு ஸ்டாப் பிழை அப்போதே உள்ளே வந்துவிடுகிறது. முழுநிலவைப் பொறுத்தவரை மீட்டரைப் பையில் போட்டுவிட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொள்வதே மேல்.

அப்படி மனப்பாடம் செய்திருந்த ஒருவர்தான் உலகின் மிகப் புகழ்பெற்ற நிலாப் படத்தை எடுத்தார். 1941 நவம்பர் 1 மாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டெஸ் என்ற சிற்றூர் வழியாக ஆன்சல் ஆடம்ஸ் காரில் வந்துகொண்டிருந்தார். கிழக்கே பனிமலைகளுக்கு மேல் நிலா எழுந்திருந்தது. மேற்கே மறையப் போகும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. காரை ஓரங்கட்டி, எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் மட்டும் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு எண்ணிலிருந்து மனத்திலேயே கணக்குப் போட்டார். ஐஎஸ்ஓ 64 ஃபிலிம். நிலா வெளுத்துப் போகாமல் ஆனால் பிரகாசமாக இருக்க வேண்டும். மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு. விடை: எஃப்/32, ஒரு விநாடி. ஒரு படம் எடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாமென ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

மிச்சக் கதை இருட்டறையில் நடந்தது. நிலாவுக்குக் கணக்குப் பார்த்ததால் முன்னால் இருந்த நிலம் நெகட்டிவில் மெலிந்து கிடந்தது. 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தன் கையாலேயே போட்டார். ஆரம்பகாலப் பிரதிகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிந்தைய பிரதிகளில் வானம் மைக் கறுப்பு. தேதி விஷயத்தில் மட்டும் ஆடம்ஸ் அசிரத்தை. படத்துக்கு வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலா நின்ற இடத்தை வைத்துப் பின்னாளில் வானியல் அறிந்தவர்கள்தான் நாளையும் நேரத்தையும் மீட்டெடுத்தார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது பௌர்ணமி நிலா அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முழுமைக்கு இரண்டு நாள் குறைந்த வளர்பிறை நிலா அது. ஆடம்ஸ் அதைத் தேடிப் போகவில்லை, வழியில் கிடைத்தது. ஆனால் தேடிப் போகிறவர்களும் தேர்ந்தெடுக்க வேண்டியது பௌர்ணமிக்கு முந்தைய மாலையைத்தான் என்பது என் கட்சி. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, முழுநிலவின் முகம் தட்டையானது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதுபோன்ற நிலை அது. நிலாவின் மலைகளுக்கு நிழலே விழுவதில்லை. விழுகிற சிறு நிழலும் அதை உண்டாக்கிய கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துகொள்கிறது. அதனால்தான் பௌர்ணமியன்று நிலா திடீரென்று பிரகாசமாகிறது. அரைநிலவைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டிய ஒளி, ஏறக்குறையப் பத்து மடங்காகிவிடுகிறது. கண்ணுக்கு அது கொண்டாட்டம், ஃபிலிமுக்கு நஷ்டம். 1959 அக்டோபர் 7 அன்று சோவியத்தின் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலாக எடுத்தபோதும் இதே சிக்கல்தான். அதுவும் ஃபிலிம் கேமரா. விண்கலத்துக்குள்ளேயே ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, ஒளியால் வருடிப் பூமிக்கு அனுப்பினார்கள். சூரியன் பின்னாலிருந்து நேராக அடித்ததால் படங்களில் மேடுபள்ளம் துலங்கவில்லை. முழுநிலவிலும் ஒரு லாபம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் பாயும் வெள்ளைக் கதிர்க்கோடுகள் நன்றாகத் தெரிவது பௌர்ணமியில்தான். அவைதான் வேண்டும் என்பவர்கள் நிலா நன்கு மேலேறிய பின் எடுத்து, ஃபிலிமைச் சற்றுக் கூடுதல் நேரம் டெவலப் செய்து மாறுபாட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் நேரம். நிலா நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. சரியாக முழுமை பெறும் கணத்தில் உதித்தால் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒரே நேரம். அதற்குப் பிறகு உதிக்கும் நிலா, இருட்டிய நிலத்தின்மேல் எழும். கோபுரமும் வயலும் கறுப்பாகிவிடும். நிலாவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் ஊர் தெரியாது. ஊருக்கு வைத்தால் நிலா ஓட்டை. முந்தைய மாலையில் வெயில் இன்னும் ஊர்மேல் இருக்கிறது. நிலாவும் வெயிலில், ஊரும் வெயிலில். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷர் கட்டிப்போடும். ஆடம்ஸின் படத்தின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

இந்தக் கணக்குக்கு வெளிநாட்டுச் செயலி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். பௌர்ணமி திதி முடியும் நேரம் என்று அதில் அச்சிட்டிருப்பதுதான் நிலா முழுமையடையும் கணம். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் 180 டிகிரி நிறையும் நேரம் அது. திதி அடுத்த நாள் விடியற்காலை ஆறு மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று மாலை நிலா முழுமைக்கு 12 மணி நேரம் முந்தையது, ஆகவே சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய 25 நிமிடம் முன்பே எழுந்துவிடும். திதி இன்று காலையிலேயே முடிந்துவிட்டது என்றால், காலண்டர் பௌர்ணமி என்று சொன்னாலும் இன்றைய மாலை ஃபிலிமுக்கு உதவாது. நேற்றே போயிருக்க வேண்டும். ஜோசியத்துக்காக அச்சிட்ட எண் கேமராக்காரனுக்கு இவ்வளவு துல்லியமாக உதவுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சித்திரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கூட்டம் கூடுகிறது. வானத்தில் எல்லாப் பௌர்ணமியிலும் நடப்பது அதுவே. குமரிமுனையில் இருபக்கமும் கடல் திறந்து கிடப்பதால் கண்ணுக்குத் தடையில்லை. வழக்கமான எந்த லென்ஸிலும் இரண்டும் ஒரே கட்டத்தில் வராது, ஒன்று முன்னால் என்றால் மற்றது முதுகுக்குப் பின்னால். கடல்மட்டத்து மூட்டத்தில் எழும் நிலா செம்மண் நிறத்தில் மங்கலாக இருக்கும். எஃப்/11 விதி அங்கே செல்லாது. இரண்டு, மூன்று ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்டாப்பாக மாற்றிப் பல படம் எடுத்துக்கொள்வதுதான் புத்தி.

நிலாவைப் பெரிதாகவும் ஊரோடு சேர்த்தும் காட்ட ஒரே ஒரு நேர்மையான வழி உண்டு: தள்ளிப் போவது. கட்டடத்தின் உயரத்தை 110-ஆல் பெருக்கினால், நிலாவும் அதுவும் ஒரே அளவாகத் தெரியும் தொலைவு வரும். 133 அடி வள்ளுவர் சிலைக்கு அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்துக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவிலிருந்து, மரமும் மின்கம்பியும் மறைக்காத, நிலா எழும் திசைக்கு நேர் எதிரான ஓரிடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. திசையும் மாதத்துக்கு மாதம் நகரும். மார்கழி நிலா வடகிழக்கில் எழுந்து நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும். ஆனி நிலா தென்கிழக்கில் எழுந்து தெற்கே தாழ்ந்து போகும்.

நிலாவை விட்டுவிட்டு நிலவொளியை எடுப்பது வேறு வித்தை. முழுநிலவு நிலத்துக்குத் தரும் ஒளி, சூரியன் தருவதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. பதினெட்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் எஃப்/2.8 வைத்தால் கணக்குப்படி அரை நிமிடம் வரும். ஆனால் அரை நிமிடம் திறந்து வைத்தால் படம் மெலிந்துதான் கிடைக்கும். ஒளி சொட்டுச் சொட்டாக வரும்போது ஃபிலிம் அதைச் சேமித்து வைப்பதில்லை. வெள்ளித் துகளில் ஒரு சிறு மாற்றம் நிலைக்கும் முன்பே கலைந்துவிடுகிறது. 'ரெசிப்ராசிட்டி' தவறுதல் என்று கேமராக்காரர்கள் சொல்வது இதைத்தான். வியன்னாவின் குஃப்னர் ஆய்வகத்தில் நட்சத்திரங்களின் ஒளியை ஒளிப்படத் தகட்டில் அளந்துகொண்டிருந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கொரு சூத்திரம் கொடுத்தார். கருந்துளைக் கணக்கில் பேர்பெற்ற அதே ஷ்வார்ஸ்சைல்டுதான்.

இந்த இழப்பு ஃபிலிமுக்கு ஃபிலிம் வேறுபடும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்ஸில் 32 விநாடி என்ற கணக்கு ஒன்றரை நிமிடமாக வேண்டும். கோடக் டிரை-எக்ஸ் பேராசைக்காரன்: கோடக்கே தரும் அட்டவணையில் 10 விநாடிக்கு 50 விநாடி, 100 விநாடிக்கு 1200 விநாடி, அதாவது இருபது நிமிடம். ஃபியூஜியின் அக்ராஸ் 100 இரண்டு நிமிடம்வரை திருத்தமே கேட்பதில்லை. எனவே ஐஎஸ்ஓ 100 அக்ராஸ், நிலவொளியில் ஐஎஸ்ஓ 400 டிரை-எக்ஸை முந்திவிடும். வேகமான ஃபிலிம் இரவுக்கு என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிறது. நிலாவைக் கட்டத்துக்குள் வைக்காதீர்கள் என்பது மட்டுமே இவ்வகைப் படத்துக்கு நான் சேர்க்கும் விதி. இரண்டு நிமிடத்தில் நிலா தன் விட்டத்தளவு நகர்ந்துவிடும். வட்டம் கொழுக்கட்டை ஆகிவிடும்.

1840-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் டாகெரோ தகட்டில் நிலாவைப் பதித்தபோது இருபது நிமிடம் தேவைப்பட்டது. அவ்வளவு நேரமும் நகரும் நிலாவைக் கண்ணாடி வைத்துத் துரத்த வேண்டியிருந்தது. இன்று 1/125 விநாடிக்கு முக்காலி போதும். கருவிகளைப் பற்றி இதற்குமேல் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரஷ்ய எம்டிஓ போன்ற 500 மி.மீ. கண்ணாடி லென்ஸ்கள் மலிவு, ஆனால் எஃப்/8 மாறாது. 200 மி.மீ. லென்ஸில் இரட்டிப்பான் மாட்டினால் இரண்டு ஸ்டாப் போகும். நிலாவுக்கு ஒளிப் பஞ்சம் இல்லாததால் பரவாயில்லை. கேமராவுக்குள் கண்ணாடி எழும் அதிர்வுதான் எதிரி. நிக்கான் எஃப்எம்2-வில் செல்ஃப் டைமரை வைத்தால் கண்ணாடி முதலிலேயே எழுந்துவிடும், அதிர்வு அடங்கியபின் ஷட்டர் திறக்கும். பென்டாக்ஸ் கே1000-இல் செல்ஃப் டைமரே கிடையாது. கேபிள் ரிலீஸும் 1/250-ம் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

கேமராவில் எல்லாம் சரியாகச் செய்தபிறகும் லேப் கெடுக்கலாம். தானியங்கிப் பிரிண்டரும் மீட்டரைப் போலவே கறுப்பைச் சாம்பலாக்கும். நெகட்டிவில் நிலாவின் கருந்திட்டுகளும் கதிர்க்கோடுகளும் தெளிவாக இருக்க, பிரிண்டில் வெள்ளைப் பொட்டு வரும். பலர் நெகட்டிவைப் பார்க்காமலே தங்களை நொந்துகொள்கிறார்கள். என் முதல் நிலாச் சுருளை ஒரு லேபில் 'எதுவும் விழவில்லை' என்று பிரிண்ட் போடாமலே திருப்பித் தந்தார்கள். இன்னொன்றைக் கட்டம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நிலாவின் குறுக்கே வெட்டிவிட்டார்கள். வெட்டியவரைக் குறை சொல்ல முடியாது, முழுச் சுருளும் ஒரே கறுப்பு. ஸ்லைடு ஃபிலிம் பயன்படுத்தினால் இந்தத் தரகர் தொல்லை இல்லை. எடுத்தது எடுத்தபடி தெரியும், தவறும் தெரியும்.

நம் ஊரிலேயே ஒரு காலத்தில் ஃபிலிம் செய்தார்கள். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், உதகமண்டலத்தில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் தாள்களையும் 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு நிலா என்று பொருள். ஆலை மூடிவிட்டது.

இருமுறை எக்ஸ்போஷர் கொடுத்துக் கோபுரத்தின்மேல் பெரிய நிலாவை ஒட்டவைக்கும் பழைய காலண்டர் வித்தையை நான் வெறுப்பவனல்ல. ரீவைண்டு பொத்தானை அழுத்திக்கொண்டு லீவரை இழுப்பதிலும், நிலா கட்டத்தில் எங்கே விழுந்தது என்று நோட்டில் வரைந்து வைப்பதிலும் கைத்திறன் உண்டு. ஆனால் வடக்கு அடிவானத்தில் முழுநிலவை நிறுத்தும் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. செல்போன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2023-இல் சாம்சங் போனின் நிலாப் படங்கள்மீது சர்ச்சை எழுந்தபோது, நிலாவை அடையாளம் கண்டதும் விவரங்களைக் கூட்டிக் காட்டும் வழிமுறை தன் கேமராவில் இருப்பதை அந்த நிறுவனமே விளக்கியது. ஃபிலிமில் விழும் நிலா கடுகளவாக இருந்தாலும், அங்கிருந்து வந்த ஒளி விழுந்து கறுத்த வெள்ளி அது.

அடுத்த முறை காலண்டரில் பௌர்ணமி திதி எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய மாலை முக்காலியோடு கிளம்புங்கள். வீட்டை விட்டு இறங்கும் முன், சுருளின் முதல் கட்டத்தில் வெயிலில் நிற்கும் எதையாவது, வாசல் திண்ணையோ எதிர்வீட்டு ஆடோ, ஒரு படம் எடுத்துவிடுங்கள். லேபில் வெட்டுபவருக்குக் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று அதை வைத்துத்தான் தெரியும்.